எழும்பூரின் வாசல் தென்மாவட்ட மக்களுக்குத் திறந்தே இருக்கட்டும்: தெற்கு ரயில்வேக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தெற்கு ரயில்வே பொது மேலாளர் அவர்கள், சென்னைக் கோட்ட மேலாளர் அவர்கள், எழும்பூர் நிலைய மறுமேம்பாட்டுப் பணிக்குப் பொறுப்பேற்றுள்ள அலுவலர்கள்.

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். 2022ஆம் ஆண்டு மே 26 அன்று சென்னையில் பிரதமர் அடிக்கல் நாட்டிய ஐந்து ரயில் நிலைய மறுமேம்பாட்டுத் திட்டங்களில் எழும்பூரும் ஒன்று. ஏறத்தாழ 735 கோடி ரூபாய் மதிப்பில் நடந்துவரும் அந்தப் பணி, காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதிய கட்டடங்களை எழுப்பி, நடைமேடைகளுக்கு மேலாக இரு பக்கங்களையும் இணைக்கப் போகிறது. நிலையத்துக்கு இடவசதி போதவில்லை என்பதையும், நெரிசல் மிக்க இரவு நேரங்களில் பயணிகள் படும் பாட்டையும் கண்கூடாகக் கண்டவன் என்ற முறையில், இந்தப் பணியை நான் வரவேற்கிறேன். பழைய கட்டடம் காப்பாற்றப்படும் என்ற உங்கள் உறுதிமொழியும் ஆறுதல் அளிக்கிறது.

ஆயினும் ஒரு கவலை இருக்கிறது. அதை வெளிப்படையாகச் சொல்லவே இந்த மடல். செங்கல் முகப்பையும் குவிமாடங்களையும் அப்படியே நிறுத்திவிட்டு, அந்த நிலையம் நூறாண்டுக்கும் மேலாகச் செய்துவந்த வேலையை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேறிடத்துக்கு அனுப்பிவிட்டால், காப்பாற்றப்பட்டது எது என்ற கேள்வி எழும். காவிரிப் படுகை தொடங்கிக் குமரிமுனை வரையுள்ள மாவட்டங்களின் எளிய மக்கள் ஒரே வண்டியில் ஏறி மாநகரின் நடுவிடத்தில் வந்து இறங்குவதற்கு வழிசெய்ததே எழும்பூரின் பணி. அந்தப் பணியையும் காக்கப்பட வேண்டிய பாரம்பரியமாகக் கருத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இந்த வேண்டுகோளின் வேர் நிலையத்தின் வரலாற்றில் இருக்கிறது. 1856இல் இராயபுரத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்டபோது சென்னையின் இருப்புப்பாதை மேற்கு நோக்கியே ஓடியது. 1873இல் சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்ட பிறகு அகலப்பாதை வண்டிகள் அங்கே வந்துசேர்ந்தன. 1874இல் உருவான தென்னிந்திய ரயில்வே நிறுவனமோ, மீட்டர் பாதையில் செங்கல்பட்டு, விழுப்புரம், மயிலாடுதுறை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி என்று தெற்கு முழுவதையும் இணைத்தது. ஒன்றின் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர் அகலம். மற்றொன்றில் 1,000 மில்லிமீட்டர். ஒரு பாதையின் வண்டி மற்றொன்றில் ஓட இயலாது. ஆகவே கோயம்புத்தூர்க்காரருக்கும் சேலத்துக்காரருக்கும் சென்ட்ரல் வாசலாயிற்று. தஞ்சை, மதுரை, நெல்லைச் சீமைக்காரர்களுக்கு எழும்பூர் வாசலாயிற்று. பொறியியல் கணக்கில் தோன்றிய இந்தப் பிரிவு நாளடைவில் மக்களின் மனத்தில் ஊன்றிப்போனது. அகலப்பாதை வந்து கால் நூற்றாண்டு கடந்த பின்னும், ஊருக்குப் போகிறேன் என்று தென்மாவட்டத்துக்காரர் ஒருவர் சொன்னால், எழும்பூரில் எத்தனை மணிக்கு வண்டி என்பதே எதிரிலிருப்பவரின் அடுத்த கேள்வியாக இருக்கிறது.

இப்போதுள்ள கட்டடத்தின் பணி 1905 செப்டம்பரில் தொடங்கி, 1908 ஜூன் 11 அன்று நிலையம் திறக்கப்பட்டது. செலவு ஏறத்தாழ 17 லட்சம் ரூபாய். 300 அடி நீளமும் 71 அடி அகலமும் கொண்ட அந்தக் கட்டடத்தின் வடிவமைப்பில் ஹென்றி இர்வினுக்கும், நிறுவனத்தின் கட்டடக்கலைஞர் ஈ. சி. பேர்டுக்கும் பங்குண்டு. கட்டி முடித்தவர் பெங்களூருவைச் சேர்ந்த ஒப்பந்ததாரர் டி. சாமிநாத பிள்ளை. சிவப்புச் செங்கல்லுக்கு இடையே வெண்ணிற வளைவுகள், நடுவில் உயர்ந்த குவிமாடம், இருபுறமும் சிறு குவிமாடங்கள் என்று இந்தோ சாரசனிக் பாணியில் எழுந்த கட்டடம் அது. ஹென்றி இர்வின் வடிவமைத்த கன்னிமாரா நூலகமும் விக்டோரியா நினைவு மண்டபமும் அதே எழும்பூரில், நடந்துபோகும் தொலைவில் இருக்கின்றன. மூன்றையும் ஒரே மாலையில் பார்த்துவிட முடியும். பார்க்கச் சொல்லும் ஒரு சிறு வழிகாட்டிப் பலகையாவது நிலைய வாசலில் வேண்டும்.

நிலத்தின் கதையும் சொல்லத்தக்கது. அங்கே 1.83 ஏக்கர் நிலத்துக்கு உரிமையாளராக இருந்தவர் டாக்டர் புல்னி ஆண்டி. பிரிட்டனுக்குச் சென்று மருத்துவப் பட்டம் பெற்ற முதல் தலைமுறை இந்தியர்களில் ஒருவர் அவர். அப்படியொரு இடம் மீண்டும் கிடைப்பது அரிது என்பதால் நிலத்தைக் கொடுக்க முதலில் மறுத்தவர், பின்னர் ஒரு லட்சம் ரூபாய்க்கு அதை ரயில்வே நிறுவனத்துக்கு விற்றார். நகரின் ஓரத்தில் மலிவான நிலம் தேடாமல், விலை கொடுத்தாவது நடுவிடத்தில் நிலையத்தை அமைத்தார்கள் என்பதை இங்கே நினைவில் கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். இலாபத்துக்காக நடந்த வெள்ளையர் நிறுவனமே, நிலையம் எங்கே இருக்கிறது என்பதன் மதிப்பை அறிந்திருந்தது.

அந்த நிலையம் தமிழகத்துக்கு மட்டும் வாசலாக இருந்ததில்லை. எழும்பூரிலிருந்து கொழும்பு செல்வதற்கு ஒரே பயணச்சீட்டு வாங்கிய காலம் ஒன்று இருந்தது. முதலில் தூத்துக்குடி வரை ரயில், அங்கிருந்து கப்பல். 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பிறகு, போட் மெயில் எனப்பட்ட அந்த ரயில் தனுஷ்கோடி வரை சென்றது. அங்கே பயணிகள் இறங்கி, கடலைத் தலைமன்னார் வரை நீராவிக் கப்பலில் கடந்து, அக்கரையில் காத்திருக்கும் ரயிலில் ஏறிக் கொழும்பு கோட்டை நிலையத்தை அடைந்தனர். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னையின் கல்லூரிகளுக்குப் படிக்க வந்த மாணவர்களும், கொழும்பில் கடை வைத்திருந்த வணிகர்களும், இராமேசுவரத்துக்கு நீராட வந்த இலங்கைத் தமிழர்களும் இந்தத் தடத்தில் போய்வந்தார்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவையொட்டி வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தபோது, பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் வண்டி ஒன்றும் அலையில் மூழ்கியது. அதற்குப் பின் கப்பல் இராமேசுவரத்திலிருந்து சென்றது. இலங்கையில் போர் மூண்ட 1980களில் அதுவும் நின்றது. எழும்பூரிலிருந்து இராமேசுவரம் செல்லும் வண்டியை மூத்தவர்கள் இன்றும் போட் மெயில் என்றே குறிப்பிடுகிறார்கள். 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு இராமேசுவரத்துக்கு மீண்டும் ரயில் ஓடத் தொடங்கிய இந்த வேளையில், எழும்பூரின் எந்த நடைமேடையிலும் இந்தக் கதையின் ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தமளிக்கிறது.

தொழிலாளர் வரலாற்றிலும் இந்தத் தடத்துக்கு இடமுண்டு. நாகப்பட்டினம் முதலிய ஊர்களின் பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றுசேர்த்தபோது ஏற்பட்ட ஆட்குறைப்பை எதிர்த்து, 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வேத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதை முன்னின்று நடத்திய சிங்காரவேலருக்கும் முகுந்தலால் சர்க்காருக்கும் பத்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் பின்னர் அது குறைக்கப்பட்டது. இன்று நீங்கள் நடத்தும் தெற்கு ரயில்வே, அந்தத் தென்னிந்திய ரயில்வேயும் இன்னும் இரு ரயில்வேக்களும் 1951 ஏப்ரல் 14 அன்று ஒன்றிணைந்து உருவானது. எனவே இந்த வரலாற்றுக்கும் நீங்களே வாரிசு.

1931 மே மாதம் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோது எழும்பூருக்கு இன்னொரு முகம் கிடைத்தது. மாம்பலம், சைதாப்பேட்டை, பல்லாவரம் என்று தென்புறம் நகரம் வளர்ந்ததில் அந்த மின்தொடருக்குப் பெரும்பங்கு உண்டு. இரவு வண்டியில் ஊரிலிருந்து வந்து இறங்கியவர் அடுத்த நடைமேடையில் மின்சார ரயிலேறித் தம் வீட்டுக்கோ வேலைக்கோ போனார். 2018 மே முதல் சுரங்க மெட்ரோவும் அங்கே நிற்கிறது. நெடுந்தூர ரயில், புறநகர் ரயில், மெட்ரோ மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் வசதி எந்த நகருக்கும் எளிதில் வாய்ப்பதில்லை. பல பத்தாண்டு உழைப்பிலும் மக்கள் வரிப்பணத்திலும் விளைந்த அந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவது முறையாகாது.

இனி நிகழ்காலத்துக்கு வருகிறேன். கட்டுமானப் பணியை முன்னிட்டுச் சில விரைவு ரயில்கள் தற்காலிகமாகத் தாம்பரத்தோடு நிறுத்தப்படுவதும், அங்கிருந்தே புறப்படுவதும் நடந்து வருகிறது. பணி நடக்கும்போது இது தவிர்க்க முடியாதது என்பதை ஏற்கிறேன். ஆனால் தற்காலிகம் என்று தொடங்கும் ஏற்பாடுகள் எதிர்ப்பில்லாவிட்டால் நிரந்தரமாகிவிடுவதை நாம் பல துறைகளில் பார்த்திருக்கிறோம். தாம்பரத்துக்கும் எழும்பூருக்கும் இடையே ஏறத்தாழ 25 கிலோமீட்டர். வரைபடத்தில் அது சிறு தொலைவு. விடியற்காலை நான்கு மணிக்கு மூட்டை முடிச்சுகளோடும் தூங்கும் குழந்தையோடும் இறங்கும் குடும்பத்துக்கு அது இன்னொரு பயணம். வாடகை வண்டி பிடித்தால், நாகர்கோவிலிலிருந்து வந்த முன்பதிவில்லாப் பயணச்சீட்டின் விலையைவிட அந்த வண்டிக்குக் கூடுதலாகக் கொடுக்க நேரும்.

எழும்பூரில் இறங்குபவர்களில் பலர் எங்கே போகிறார்கள் என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும். 1819இல் தொடங்கப்பட்ட அரசு கண் மருத்துவமனை, 1844இலிருந்து இயங்கும் அரசு மகப்பேறு மருத்துவமனை, குழந்தைகள் நல மருத்துவமனை ஆகியவை நிலையத்தைச் சுற்றியே உள்ளன. இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை மெட்ரோவில் ஒரு நிலையத் தொலைவு. மாவட்ட மருத்துவமனையிலிருந்து சென்னைக்கு எழுதிக்கொடுத்த சீட்டை நெகிழி உறைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு, கண்ணில் கட்டுடன் உள்ள தாயைக் கைப்பிடித்து அழைத்துவரும் மகன்களை அந்தப் பாதைகளில் எந்தக் காலையிலும் பார்க்கலாம். அவர்களில் பெரும்பாலோர் செயலியில் வண்டி வரவழைப்பவர்கள் அல்லர். தேநீர் குடித்துவிட்டு, வழி கேட்டு நடந்தே போகிறார்கள். கென்னட் சந்திலுள்ள விடுதிகளும் அவர்களுக்காகவே காலங்காலமாக நடந்து வருகின்றன. நிலையம் இருக்குமிடம் அவர்களுக்குச் செய்யும் இந்த உதவி எந்தத் திட்ட அறிக்கையின் வருவாய்க் கணக்கிலும் வராது.

அதனால் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டுள்ள ஒவ்வொரு வண்டியும் எந்தக் கட்டப் பணி முடிந்ததும் எழும்பூருக்குத் திரும்பும் என்பதைப் பெயர் குறிப்பிட்டுப் பொதுமக்களுக்கு அறிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். தாம்பரம் மூன்றாவது முனையமாக வளர்வதில் எனக்கு மறுப்பில்லை. தென்சென்னையில் வாழும் இலட்சக்கணக்கானோருக்கு அது தேவை. கூடுதல் வண்டிகள் அங்கிருந்து புறப்படட்டும். ஆனால் யாருடைய வண்டி அங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. பெட்டிகள் அனைத்தும் முன்பதிவற்றவையாக உள்ள நாகர்கோவில் அந்தியோதயா தாம்பரத்திலிருந்து புறப்படுகிறது. திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் செல்லும் வந்தே பாரத் வண்டிகளும் மதுரை தேஜஸும் எழும்பூருக்கென அறிமுகமாயின. ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனிக் காரணம் இருந்திருக்கலாம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, பணம் உள்ளவருக்கு நகரின் நடுவிடம், இல்லாதவருக்கு நகரின் எல்லை என்ற தோற்றம் உண்டாகிறது. நீங்கள் இதை நோக்கமாகக் கொள்ளவில்லை என்றே நம்புகிறேன். அப்படியானால், அந்தத் தோற்றத்தை மாற்றும் பொறுப்பும் உங்களுடையதே.

முன்பதிவில்லாப் பயணிகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ முந்தைய நாட்களில், நெல்லை, பொதிகை, முத்துநகர், கன்னியாகுமரி ஆகிய வண்டிகள் புறப்படும் மாலைகளில், பொதுப் பெட்டிக்கான வரிசை வண்டி வருவதற்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. தரையில் துண்டை விரித்து இடம்பிடித்தவர்கள், கட்டட வேலை முடித்துக் கையில் சிமென்ட் காயாமல் வந்தவர்கள், துணிக்கடைப் பையையே தலையணையாக வைத்துச் சாய்ந்திருக்கும் பெண்கள் என்று அந்த வரிசை நீள்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படையினர் கயிறு கட்டி ஒழுங்குபடுத்தி, பத்துப் பத்துப் பேராகப் பெட்டிக்குள் அனுப்புகிறார்கள். அந்தப் பணியை அவர்கள் பொறுமையோடு செய்வதைப் பாராட்ட வேண்டும். ஆனால் அந்த வரிசைக்கென்று ஓர் இடம் நிலையத்தில் இல்லை. மற்றவர்கள் நடந்துபோகும் வழியே அவர்கள் காத்திருக்கும் இடமாகவும் ஆகிறது. புதிய காத்திருப்புத் தளத்தின் வரைபடத்தில், பொதுப் பெட்டிப் பயணிகள் நிழலில், மின்விசிறியின் கீழ், கழிப்பறைக்கும் குடிநீருக்கும் அருகில், கட்டணமின்றி உட்காருவதற்கான கூடம் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது? கட்டணக் காத்திருப்பறைகளும் கடைகளும் எத்தனை சதுர அடி என்று சொல்லும்போது, இதற்கும் ஒரு கணக்குச் சொல்லுங்கள்.

அடுத்து, தரைமட்ட வழி. எழும்பூரில் ஒரு காலத்தில் வாகனத்தை நடைமேடையை ஒட்டியே கொண்டுபோய் நிறுத்த முடிந்தது. முதியவர்களையும் நோயாளிகளையும் படியேற்றாமல் நேராகப் பெட்டிக்கு அழைத்துச் செல்ல அது பேருதவியாக இருந்தது. விமான நிலையம் போன்ற புதிய அமைப்பில் எல்லோரும் முதலில் மேலே ஏறி, பிறகு நடைமேடைக்கு இறங்க வேண்டும் என்று ஏற்பாடு செய்யப்படுமானால், மின்தூக்கியும் நகரும் படியும் ஒரு நாள் பழுதடைந்தாலும் துன்பப்படுவோர் யார் என்பது நமக்குத் தெரியும். காந்தி இர்வின் சாலையிலிருந்து, பழைய கட்டடத்தின் வழியாகவே, படியேறாமல் ஒரு நடைமேடைக்காவது போகும் வழி எந்நாளும் அடைக்கப்படக் கூடாது. சக்கர நாற்காலியில் வருபவர் ஏறவேண்டிய வண்டியை அந்த நடைமேடைக்குக் கொண்டுவர முடிந்த நேரங்களில் கொண்டுவரலாம். இயக்கப் பிரிவினருக்கு இது கூடுதல் சுமை என்பது தெரிந்தே கேட்கிறேன்.

பழைய கட்டடத்தை என்ன செய்யப் போகிறீர்கள் என்பதும் தெளிவாக அறிவிக்கப்பட வேண்டும். அதன் நடுக்கூடம் பயணச்சீட்டு கொடுக்கும் இடமாக, மக்கள் காத்திருக்கும் இடமாகத் தொடர வேண்டும் என்பது என் கருத்து. பயன்பாட்டில் உள்ள கட்டடத்துக்கே பராமரிப்பு கிடைக்கும்; ஆள் நடமாட்டம் நின்ற கட்டடத்தில் ஆலங்கன்று முளைக்கும். இராயபுரம் நிலையம் எவ்வளவு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதைச் சென்னையின் வரலாற்றில் ஆர்வமுள்ள எவரும் மறந்திருக்க மாட்டார்கள். செங்கல்லையும் சுண்ணச்சாந்தையும் பழுதுபார்க்கும்போது சிமென்ட் பூச்சும் பளபளக்கும் வண்ணமும் அடிக்காமல், பழங்கட்டடப் பாதுகாப்பில் தேர்ந்தவர்களின் மேற்பார்வையில் அந்த வேலை நடக்க வேண்டும். சுண்ணச்சாந்துச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரித்துவிடும் என்பதைப் பொறியாளர்களாகிய உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அந்தக் கூடத்திலேயே, அல்லது அதை ஒட்டிய ஓர் அறையில், நிலையத்தின் வரலாற்றைத் தமிழில் சொல்லும் நிரந்தரக் காட்சி ஒன்றை அமைக்க வேண்டும். சாமிநாத பிள்ளையின் பெயரும் புல்னி ஆண்டியின் பெயரும் அங்கே இருக்கட்டும். போட் மெயிலின் வழித்தடமும், தலைமன்னார் வரை ஓடிய கப்பல்களின் படங்களும், மீட்டர் பாதைத் தண்டவாளத்தின் ஒரு துண்டும், 1928 வேலைநிறுத்தமும், 1931 மின்சார ரயிலும் இடம்பெறட்டும். சாலைக்குப் பெயர் தந்த இர்வின் வைஸ்ராயாக இருந்தவர், நிலையத்தை வடிவமைத்த இர்வின் வேறொருவர் என்ற எளிய செய்தியைக்கூடச் சொல்ல இன்று அங்கே ஆளில்லை. இதற்கான ஆவணங்களுக்கு நீங்கள் தொலைவில் தேட வேண்டியதில்லை. தமிழ்நாடு ஆவணக் காப்பகம் அதே காந்தி இர்வின் சாலையில்தான் இருக்கிறது. ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையின் ரயில் அருங்காட்சியகத்திலும், திருச்சிராப்பள்ளியிலுள்ள ரயில் அருங்காட்சியகத்திலும் பொருள்கள் உள்ளன. 735 கோடி ரூபாய்த் திட்டத்தில் ஓர் அறைக்கு ஆகும் செலவு பெரிதன்று. வண்டிக்குக் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தில், பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி தன் பாட்டி வந்த வழியைத் தெரிந்துகொள்வாள்.

இவை யாவும் பணி முடிந்த பிறகு பேசத்தக்கவை அல்ல. சுவரும் தூணும் எழுந்தபின் கூடத்துக்கு இடம் கேட்டால், இடமில்லை என்ற பதில்தான் கிடைக்கும். ஆகவே நிலையத்தின் இறுதி வரைபடங்களைத் தமிழ் விளக்கங்களோடு நிலையத்திலேயே, பயணிகள் கண்ணில் படும் இடத்தில் காட்சிக்கு வைக்க வேண்டும்; தென்மாவட்டப் பயணிகள் சங்கங்களையும், மாற்றுத்திறனாளிகள் அமைப்புகளையும், நிலையத்தின் சுமைதூக்கும் தொழிலாளர்களையும், கட்டடக்கலை வல்லுநர்களையும் அழைத்து ஒரு கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்த வேண்டும். அந்தக் கூட்டத்தை வேலை நாளின் பகல் பொழுதில் கோட்ட அலுவலகத்தின் குளிரூட்டப்பட்ட அறையில் நடத்தாமல், ஞாயிற்றுக்கிழமை மாலையில், வண்டி பிடிக்க வரும் மக்களும் நின்று கேட்கக்கூடிய விதத்தில் எழும்பூரிலேயே நடத்தினால் நல்லது. தாம்பரத்துக்கு மாற்றப்பட்ட வண்டிகளின் பட்டியலையும் அவை திரும்பும் காலத்தையும் அந்தக் கூட்டத்துக்கு முன்பாகவே வெளியிடுங்கள். உங்கள் பதிலை, பொதுவெளியில் எல்லோரும் படிக்கத்தக்க வகையில், எதிர்பார்த்துக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
எழும்பூர் வழியாக ஊருக்குப் போய்வரும் தென்மாவட்டப் பயணி ஒருவர்